மறுபடி வராத புகார்கள்

எனக்குக் கையெழுத்து மோசம். அதனால்தான் ஐயா, நீங்கள் தாளும் பேனாவும் நீட்டியபோது வேண்டாம் என்றேன். நான் வாயால் சொல்கிறேன், உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் முதல் இப்போதைய மேலாளர் வரை என் எழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நானே எழுதியதை மறுநாள் எனக்கே படிக்க வராது.

நீங்கள் முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டீர்கள். என் தங்கை வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக், ஐந்து வருடத் தண்டனையில் ஏழு மாதத்தை உள்ளே கழித்திருக்கிறார். மீதியையும் கழிப்பதா, வீட்டுக்குத் திரும்புவதா என்பது நான் சொல்லப்போவதில் இருக்கிறது என்றீர்கள். சரி, சொல்கிறேன். என்னிடம் ஒளிவு மறைவு கிடையாது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

நான் வேலை பார்ப்பது எட்டு மாடி வணிக வளாகத்தில். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் என் அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். வெளியே 'புகார்ப் பிரிவு' என்று பலகை. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். கடைக்காரர்களும் மேலே வந்து போகிறவர்களும் குழாய் ஒழுகுகிறது, விளக்கு எரியவில்லை, பக்கத்துக் கடைக்காரன் குப்பையை இந்தப் பக்கம் தள்ளுகிறான் என்று வந்து சொல்வார்கள். நான் நோட்டில் எழுதி மாதக் கடைசியில் மேலாளரிடம் கொடுக்க வேண்டும்.

மூன்று மாதம் கொடுத்தேன். நாலாவது மாதம் மேலாளர் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, ஈசிஜியா?" என்றார். அடுத்த வாரமே ஒரு ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். கைக்கு அடக்கமானது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். முன்பக்கம் ஒரு சின்னத் திரை, உச்சந்தலையில் ஒரு சிவப்பு விளக்கு, வயிற்றில் இரண்டு சின்ன பாட்டரி. "ஆளுங்க பேசறதைப் பதிவு பண்ணுங்க, சாயங்காலம் கேட்டு டைப் அடிச்சிடுங்க" என்றார்.

அந்தக் கருவி வந்த பிறகு நடந்த வேடிக்கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தவர்கள், அதை முன்னால் வைத்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்கள். இரண்டாம் மாடித் தையல்கடை அம்மா கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார். செருப்புக்கடைக்காரர் வாசலில் வரும்போது "அந்தப் பய நாசமாப் போவான்" என்றுதான் வருவார். ரெக்கார்டரைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம். நான் மிகுந்த மன வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று ஆரம்பிப்பார். குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான்.

ஒரு நாள் அவர் நாற்பது நிமிடம் பேசினார். குழாயில் ஆரம்பித்து, மருமகனில் போய் நின்றார். மாலையில் டைப் அடிக்க உட்கார்ந்தேன். பொத்தானை அமுக்கினால் உயிரில்லை. பாட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது. மறுநாள் அவர் வந்தபோது மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்தேன். அதற்குள் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நேத்து உங்ககிட்ட பேசினதுல இருந்து மனசே லேசாயிடுச்சு சார்."

"குழாய்?" என்றேன்.

"அது ஒழுகிட்டுதான் இருக்கு. பரவாயில்ல. சொல்லியாச்சுல்ல."

அதற்குப் பிறகு அந்தக் குழாயைப் பற்றி அவர் பேசவே இல்லை.

எங்கள் மேலாளருக்கு ஒரு விதி உண்டு. மறுபடி வராத புகார், தீர்ந்த புகார். அந்த விதியின்படி செருப்புக்கடைக் குழாய் தீர்ந்துவிட்டது. நானும் யோசித்தேன். ஒரு பாட்டரி செலவில்லாமல், ஒரு பிளம்பர் இல்லாமல், ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு போகிறார். இதில் நான் போய்ப் புதுப் பாட்டரி வாங்கி எதைக் கெடுக்க வேண்டும்?

வாங்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வேன், அது இருண்டு கிடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் எதிரில் இருப்பவர்களுக்குச் சிவப்பு விளக்கு வேண்டும். அது எரியாவிட்டால் பேச்சு சுரக்காது. வீட்டில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு இருந்தது. அதில் ஒரு சொட்டு எடுத்து அந்த விளக்கின் மேல் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் எரிகிற மாதிரியேதான் இருக்கும். இப்படி நாலு வருடம் ஓடியது. வருடத்துக்கு ஐந்நூறு பேர் என்று வையுங்கள். ஒருவர், ஒரே ஒருவர், நான் பேசியதைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்டதில்லை. தான் சொன்னதைக் கேட்கும் ஆசை யாருக்கும் இல்லை ஐயா, சொல்லும் ஆசைதான்.

நிஜமாகவே ஆபத்தான ஒன்றிரண்டை நானே பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் சொல்லியிருக்கிறேன். ஞாபகம் இருந்தால் சொல்வேன். நாலாம் மாடிக் கடிகாரக்காரர் சொன்னது மட்டும் ஞாபகத்தில் நிற்கவில்லை. அவர் பேசியதே இரண்டு வாக்கியம். "எங்க மாடி வராந்தா லைட்டு மங்கலா இருக்கு. மாத்தினா நல்லது." அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். அத்தனை சுருக்கமாகப் பேசினால் மனதில் எப்படித் தங்கும்?

மேலாளர் மூன்று வருடம் தொடர்ந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். நிலுவைப் புகார் பூஜ்யம். மற்ற வளாகங்களிலிருந்து ஆட்கள் வந்து என் அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பெருமைக்காரன் இல்லை, ஆனாலும் அந்தக் கடிதங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தேன்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். என் தங்கை வீட்டுக்காரரைச் சொல்கிறேன். வளாகத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். நல்ல வேலைக்காரர். ஆனால் ஒரு குணம், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

"மச்சான், நாலாம் மாடி லிஃப்ட் கதவுப் பூட்டு தேஞ்சு போச்சு. லிஃப்ட் அங்க இல்லாதப்பவும் இழுத்தா கதவு திறக்குது. கீழ வெறும் குழிதான். புதுப் பூட்டு வர்ற வரைக்கும் லிஃப்டை நிறுத்தணும், ஆபீஸ் சீட்டு வேணும்."

என் பிரிவு எழுதிக் கொடுக்கும் அலுவலகச் சீட்டு இல்லாமல் லிஃப்டை யாரும் நிறுத்தக் கூடாது என்பது மேலாளர் போட்ட கட்டளை. ஒரு தடவை யாரோ நிறுத்தி, எட்டாம் மாடி வக்கீல் படியேறி மூச்சு வாங்கி, பெரிய ரகளை ஆகிவிட்டது. நான் மாப்பிள்ளையை உட்கார வைத்து ரெக்கார்டரை எடுத்து முன்னால் வைத்தேன்.

"வீட்டுலதான் மாப்பிள்ளை. இங்க எல்லாரும் போலத்தான். இதுல சொல்லுங்க."

சொன்னார். அவரும் "வணக்கம்" என்றுதான் ஆரம்பித்தார், எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பேசி முடித்த பிறகு அவர் முகம் லேசாகவில்லை. அப்படி ஒரு முகத்தை அந்த நாற்காலியில் நான் பார்த்ததே இல்லை.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். அதே பூட்டு, அதே குழி. மறுபடி ரெக்கார்டர். நேராக மேலாளரிடமும் போயிருக்கிறார். மேலாளர், "புகார்ப் பிரிவுல பதிவு பண்ணிட்டீங்கள்ல? அப்ப வரும்" என்று அனுப்பிவிட்டார். மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் முறைப்படிதான் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் மாப்பிள்ளை அதையே எடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் முறை வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஐயா. அதை மறைக்க மாட்டேன். நாலு வருடத்தில் ஒரு புகார்கூட என்னிடம் திரும்பி வந்ததில்லை. இவர் மூன்றாவது தடவையாக வருகிறார். மேலாளர் விதிப்படி இது தீராத புகார். என் பூஜ்யத்தில் கை வைத்தது சொந்த மாப்பிள்ளை. ஊரார் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலைதான். ஆனால் கொடுத்திருந்தால், அடுத்த வாரம் எல்லோரும் மூன்று மூன்று தடவை வர ஆரம்பித்திருப்பார்கள். யாரோ ஒருவர் அடம்பிடித்தார் என்று அத்தனை பேர் நிம்மதியையும் குலைக்க முடியுமா?

அன்று அவர் போகும்போது என் அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். நாலாம் மாடி லிஃப்ட் கதவுக்கு முன்னால் குறுக்கே போட்டு, அதில் ஒரு அட்டையையும் கட்டிவைத்தாராம். மறுநாள் காலை தையல்கடை அம்மா தன் அக்காவையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு பேச வந்துவிட்டார். மூன்று பேருக்கும் எனக்குமாக நாற்காலி போதவில்லை. அது என் அறை நாற்காலி, பின்னால் எண் போட்டிருக்கிறது. நான் நாலாம் மாடிக்குப் போய் அட்டையை அவிழ்த்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அட்டையை எறிந்துவிடவில்லை. ஜன்னல் திட்டில் பத்திரமாகத்தான் வைத்தேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கடிகாரக்காரர் கடையிலிருந்து வெளியே வந்தார். கையில் யாருடைய கடிகாரத்தையோ வைத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார் என்றார்கள். வராந்தா மங்கல். கதவை இழுத்தார், திறந்தது, கால் வைத்தார். லிஃப்ட் அப்போது ஏழாம் மாடியில் நின்றிருந்தது.

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. நல்ல மனிதர். அதிகம் பேசாதவர்.

விசாரணைக்குழு போட்டார்கள். மாப்பிள்ளை முதல் நாளே சொல்லிவிட்டார், "மூணு தடவை புகார்ப் பிரிவுல சொன்னேன், ரெக்கார்டர்ல இருக்கு, போட்டுக் கேளுங்க" என்று. எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார் தெரியுமா? அன்று மாலை தங்கை என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, நல்லவேளை நீ எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சிருக்கே. இல்லன்னா இவர் கதி என்ன ஆகியிருக்கும்?" என்று என் காலைத் தொடப்போனாள். நான் தடுத்துவிட்டேன். ரெக்கார்டரை நாலு நாளில் ஒப்படைக்கச் சொல்லிக் குழுவிலிருந்து கடிதம் வந்தது.

அந்த நாலு நாளில் நான் அலசிப் பார்த்தேன். வெறும் கருவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டாயிரம் பேர் தாங்கள் பேசியது காற்றோடு போயிற்று என்று தெரிந்துகொள்வார்கள். இறங்கின பாரம் எல்லாம் மறுபடி தலையில் ஏறும். செருப்புக்கடைக்காரருக்கு இதய நோய் வேறு. ஒரு பக்கம் இரண்டாயிரம் பேர், இன்னொரு பக்கம் ஒருவர். அந்த ஒருவரும் வெளி ஆள் இல்லை, நம் வீட்டு ஆள். வீட்டு ஆள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லையே.

புதுப் பாட்டரி வாங்கினேன். நகப்பூச்சைப் பிளேடால் சுரண்டினேன். கருவியோடு வந்த கையேட்டை அன்றுதான் முதல்முறையாக முழுதாகப் படித்தேன், பரவாயில்லை, புரிகிற மாதிரியே எழுதியிருந்தார்கள். தற்காலிகமாக நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு தனிப் பொத்தான் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு மாப்பிள்ளையை அறைக்குக் கூப்பிட்டேன். முகம் வீங்கியிருந்தது, சவரம் செய்து நாலு நாள் ஆகியிருக்கும். ரெக்கார்டர் வழக்கமான இடத்தில், மேசை நடுவில் இருந்தது. அவர் அதைப் பார்த்துப் பழகியவர்தானே, ஒன்றும் கேட்கவில்லை.

"மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க மாப்பிள்ளை. லேசாகும்" என்றேன்.

உடைந்துவிட்டார். "நான்தான் கொன்னேன் மச்சான். பூட்டு போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஓட விட்டேன். வேலை போனா போகுதுன்னு மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கணும். அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்ணுங்க மச்சான். அதுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

நடுவில், "உங்ககிட்டயும் மூணு தடவை வந்து சொன்னேன்" என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினேன். அவர் அதை முடித்துவிட்டு மறுபடி தன்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் இன்னொரு அமுக்கு. அவர் சொன்ன ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை, சேர்க்கவும் இல்லை. நாலு வருடத்தில் அந்தக் கருவியில் நான் முறையாகப் பதிவு செய்தது அது ஒன்றுதான். தெளிவாக விழுந்திருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது.

குழுவில் என்னைக் கேட்டார்கள். விபத்துக்கு முன்னால் மெக்கானிக் புகார் கொடுத்ததற்குப் பதிவு உண்டா? இல்லை என்றேன். அதில் எள்ளளவும் பொய் இல்லை, நீங்களே யோசித்துப் பாருங்கள். பிறகு வந்து பேசியதற்குப் பதிவு இருக்கிறது என்று கொடுத்தேன். போட்டுக் கேட்டார்கள். நாற்காலியை வைத்து மறித்தேன் என்று அவர் சொன்னதை அதற்குப் பிறகு யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நீதிமன்றத்திலும் அதைத்தான் போட்டார்கள். மாப்பிள்ளை கூண்டில் நின்றபடி தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அவருக்குத் தைரியம் சொல்கிற மாதிரித் தலையசைத்தேன்.

தங்கையை நான் கைவிடவில்லை. என் வீட்டுப் பின் அறையைக் கொடுத்தேன். சமையல், துணி என்று அவளும் சும்மா இருப்பதில்லை, என் மனைவிக்கு ஒத்தாசை. அவள் என் மேல் ஒரு குறையும் சொன்னதில்லை. பதிவு இல்லாமல் போனது கருவியின் கோளாறு என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நான் அதைத் திருத்தவில்லை.

பழைய ரெக்கார்டரை நீதிமன்றத்தில் வைத்துக்கொண்டதால் அலுவலகத்தில் புதிது வாங்கிக் கொடுத்தார்கள். அதே வகைதான். இதற்கு நான் பாட்டரி போடவே இல்லை. கூட வந்த இரண்டு பாட்டரியும் எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் இருக்கின்றன. நகப்பூச்சு மட்டும் வைத்தேன்.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தங்கை என் அறைக்கு வந்தாள். அழுக்கில்லாத புடவை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தாள். வெளியே வரிசையில் இரண்டு பேருக்குப் பின்னால் நின்று, தன் முறை வந்ததும்தான் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எதா இருந்தாலும் வீட்டுலயே சொல்லலாமே" என்றேன்.

"வீட்டுல சொன்னா அண்ணன்கிட்ட சொன்னது. இங்க சொன்னா ஆபீஸ்ல சொன்னது. மேல்முறையீட்டுக்கு வக்கீல் எதாவது பதிவு கேக்கறாரு. அவரு உன்கிட்ட சொல்லணும்னு எத்தனை நாள் வீட்டுல புலம்பினாரு, என்னென்ன தேதியில வந்தாரு, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நான் பேசறேன். நீ பதிவு பண்ணுண்ணா."

ரெக்கார்டரை வைத்தேன். வேறு என்ன செய்வது, அந்த அறையில் வருபவர்களுக்கு நான் செய்வது அதுதானே. அவள் நன்றாகப் பேசினாள். "வணக்கம்" எல்லாம் சொல்லவில்லை. தேதி, கிழமை, அவர் அன்று உடுத்தியிருந்த சட்டை, தூக்கத்தில் 'நாலாம் மாடி, நாலாம் மாடி' என்று உளறியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கே கண் கலங்கிவிட்டது. முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போவாள் என்று நினைத்தேன்.

"திருப்பிப் போடுண்ணா. தேதி எதுவும் தப்பா சொல்லிட்டேனான்னு பாக்கணும்."

ஏதேதோ சொன்னேன். பிறகு பார்க்கலாம், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், இது கொஞ்சம் சூடாகிவிட்டது. அவள் கையை நீட்டி எடுத்துக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். திரையைப் பார்த்தாள். சிவப்புப் பொட்டின் மேல் நகத்தை வைத்துக் கீறினாள், கொஞ்சம் பெயர்ந்து வந்தது. பின்பக்க மூடியைத் தள்ளித் திறந்தாள். உள்ளே கம்பிச் சுருள் மட்டும்தான் இருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அந்தக் காலிப் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள்.

"அவரு வந்து பேசினப்பவும் இப்படித்தானாண்ணா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று பாட்டரி இருந்தது, பிறகு அழிந்துவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பாள், இத்தனை நாள் நம்பியவள்தானே. அவள் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கவும் மாட்டாள், நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஆமாம் என்றுதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கூடப்பிறந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.